ஒட்டு பூட்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருந்தது. ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்த அந்தப் பெயர், அதை விட்டு வெளியே வந்ததே இல்லை. கார் ஸ்டாண்டிலும் பட்டறையிலும் டீக்கடையிலும் அவன் ஸ்டெப்னிதான். மாற்று டயருக்கு என்ன பெயரோ அதுவே அவனுக்கும். பள்ளி வேன் டிரைவருக்குக் காய்ச்சலா, ஸ்டெப்னியைக் கூப்பிடு. ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லாமல் லீவு போட்டுவிட்டானா, ஸ்டெப்னி எங்கேய்யா? மீசை அரும்பிய வயதில் ஸ்டியரிங் பிடித்தவன், நாற்பது தாண்டும்வரை அடுத்தவர் சீட்டிலேயே உட்கார்ந்து எழுந்தான். ஏறியதும் அடுத்தவர் உயரத்துக்கு இருக்கும், பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். மாலையில் அதைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு இறங்குவான். அப்படித் திருப்பி வைக்காமல் போனால் மறுநாள் வண்டிக்காரன் முணுமுணுப்பான்.

கண்ணாடியைத் தொடாமல் ஏறி உட்கார ஒரு வண்டி. அவனுடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான். வீடு வாசல் என்று அவன் ஆசைப்பட்டதாக அவன் மனைவிகூடச் சொன்னதில்லை.

அந்த வண்டி அண்ணன் வழியாக வந்தது. கூலிக்குக் கிணறு வெட்டிய ஒருவரின் வீட்டில், கையெழுத்துப் போடவே கட்டைவிரலைத் தேடிய வம்சத்தில், முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் அண்ணன். அது சின்ன விஷயமில்லை. அங்கி போட்டுக்கொண்டு, சுருட்டிய காகிதத்தைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் படம் இன்றும் அவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஸ்டெப்னி அந்தப் படத்தில் இல்லை. படம் எடுத்தவன் அவன். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும். "எங்கண்ணன்" என்று சொல்லும்போது அவன் குரலே வேறு.

படிப்புக்கு வேலை வந்தது, வேலைக்குப் பின்னால் வண்டி வந்தது. பிறகு அதைவிடப் பெரிய வண்டி வந்தது. பழையதை நிறுத்த வீட்டில் இடமில்லை. அண்ணன் சாவியை ஸ்டெப்னியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"இந்தாடா. உன் வண்டி மாதிரி வெச்சுக்கோ."

ஸ்டெப்னிக்குக் கண் நிறைந்துவிட்டது. கண் நிறைந்ததில் காது சரியாக வேலை செய்யவில்லை போலும்.

அன்று முதல் அந்த வண்டிக்கு அவன் என்னதான் செய்யவில்லை? கிளட்ச் மாற்றினான், ரேடியேட்டர் மாற்றினான். எலி கடித்த வயரை வெயிலில் குப்புறக் கிடந்து தானே ஒட்டினான். பின் கதவு வெளியிலிருந்து திறக்காது, உள்ளே கைவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அதைக்கூட அவன் ஒரு குறையாகச் சொன்னதில்லை, குழந்தையின் மழலையைச் சொல்வது போலத்தான் சொல்வான். பகலெல்லாம் அதில் சவாரி. சொந்த உபயோக வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் அவன் வாடகைக்கு ஏற்றுவதில்லை, "தெரிஞ்சவங்க"ளை ஏற்றினான். முழங்கால் மடங்காத ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரை வைத்தியத்துக்குக் கூட்டிப்போவான். அவருக்காக முதுகுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருந்தான். அண்ணி கடைக்குப் போகவும், அண்ணன் பிள்ளைகளை ரயிலேற்றவும் அதே வண்டிதான். அதற்கெல்லாம் வாடகை என்ற பேச்சே கிடையாது, அண்ணன் வீடாயிற்றே.

அந்த வண்டிதான் ஒரு காலை கழுவும்போது முன் இடது சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாகச் சிதறிக் காட்டியது. யாரோ வாய் நிறைய புகையிலையைக் குதப்பித் துப்பியது போல. விரலால் தொட்டு மோந்து பார்த்தான். கிரீஸ்.

பட்டறையில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். ஸ்டெப்னி வயதுதான் அவருக்கும். பேச்சில் பாதி கேலி, மீதி இருமல்.

"பூட் கிழிஞ்சிருக்குய்யா. ஆக்ஸில் பூட்."

என்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின், அதாவது ஷாஃப்ட்டின், முனையில் ஒரு மூட்டு உண்டு. அந்த மூட்டுக்கு மாட்டிய ரப்பர் உறைதான் பூட். துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடாது, வெளியே இருக்கும் மண்ணை உள்ளே விடாது. அது கிழிந்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். கொஞ்ச நாளில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் மூட்டு டக் டக்கென்று பல்லைக் கடிக்கும். அப்புறம் ஒருநாள் நடுரோட்டில் நிற்கும்.

"சத்தம் வருதா?"

"இல்ல. நல்லா ஒடிச்சுத் திருப்பிப் பாத்துட்டேன்."

"அப்ப ஜாயிண்ட் உயிரோடதான் இருக்கு. சரி, சொல்லு. வெச்சிருக்கவா, தள்ளவா?"

அந்தப் பட்டறையில் எந்த வேலைக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி அது. காய்ச்சல் எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்பது போல. வைத்திருக்கிற வண்டிக்கு ஒரு வைத்தியம், தள்ளிவிடப் போகிற வண்டிக்கு வேறு வைத்தியம்.

"இதென்னய்யா கேள்வி? வெச்சிருக்கத்தான்."

"அப்ப கேளு. ஷாஃப்ட்ட வெளிய உருவி, ஜாயிண்ட்ட பிரிச்சு, மண்ணு போகக் கழுவி, புது கிரீஸ் அடைச்சு, புது பூட் மாட்டலாம். ஒரு நாள் முழுசும் வண்டி மூணு கால்ல நிக்கும். ஆனா அதுக்கப்புறம் இந்த வேலைக்காக என் மூஞ்சில முழிக்க வேணாம்."

"ஷாஃப்ட்டயே புதுசா மாத்தினா?"

"மாத்தலாம். பளபளன்னு இருக்கும், மாப்பிள்ளை கணக்கா. மார்க்கெட்ல கிடைக்கிறத நம்ப முடியாது, ஒரு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள ஆட ஆரம்பிச்சுடும். உன்னுது வண்டியோட பொறந்த ஷாஃப்ட். இன்னும் சத்தமே போடல. அத எதுக்குத் தூக்கிக் குப்பைல போடணும்?"

"வேற வழி?"

மெக்கானிக் அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். "இது ஒட்டு பூட். நீளவாக்குல வெட்டியே வந்திருக்கும். எதையும் கழட்ட வேணாம். பழசக் கிழிச்சுப் போட்டுட்டு, இதச் சட்டை போட்டு விடற மாதிரி சுத்தி விட்டு, வாயில பசையத் தடவி, ரெண்டு கிளாம்ப்ப இறுக்கினா ஆச்சு. டீ ஆறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும்."

"தாங்குமா?"

"தாங்கும், தாங்கும். வித்தவன் தெருமுனையத் தாண்டற வரைக்கும் தாங்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஸ்டெப்னி சிரித்துக்கொண்டே, கழற்றி வைத்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்து யோசித்தான். ஒரு நாள் வண்டி இல்லையென்றால் டீச்சருக்கு வேறு ஏற்பாடு சொல்ல வேண்டும். பரவாயில்லை, சொல்லிக்கொள்ளலாம். ஒட்டுப் போட்டு ஏமாற்றினால் வண்டிக்குத் தெரியாது. தினமும் அதில் உட்காரும் தனக்குத் தெரியுமே.

"முழுசாவே போட்டுடு. நாளைக்குக் கொண்டாந்து விடறேன். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு."

மெக்கானிக் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "யோவ், கிளட்ச்சுக்குச் சொன்னியா? ரேடியேட்டருக்குச் சொன்னியா? இப்ப எதுக்கு?"

"அதெல்லாம் அன்னிக்கன்னிக்கே முடிஞ்ச வேலை. இது ஒரு நாள் நிக்குது. அண்ணிக்கு எங்கயாவது போகணும்னா? சொல்லாம நிறுத்தினா நல்லாருக்காதுய்யா. ஒரு மரியாதைக்கு."

"சொல்லப் போறியா, கேக்கப் போறியா?"

"சொல்லத்தான்."

"பாத்துக்கோ. சொல்லப் போனவன் கேட்டுட்டு வந்து நிக்காத."

அண்ணன் வீட்டுச் சோபாவில் ஸ்டெப்னி எப்போதும் விளிம்பில்தான் உட்காருவான். சட்டையில் கிரீஸ் இருக்குமோ என்ற பயம். அன்று இருந்தது. அண்ணன் மடிக்கணினியை மூடாமலே தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"என்னடா?"

"வண்டில பூட் போயிருச்சுண்ணே."

"டிக்கியா? மூடலையா?"

"டிக்கி இல்லண்ணே. பூட்."

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பூட்டை ஒடச்சுட்டாங்களா? எங்க நிறுத்தினீங்க?"

"பூட்டு இல்ல அண்ணி, பூட். சக்கரத்துக்குப் பின்னாடி ரப்பர் இருக்கும்ல, அது." கையால் துருத்தியை விரித்துச் சுருக்கிக் காட்டினான். அண்ணியும் சிரித்தார், அவனும் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், நீண்ட நாளாகத் தேடாத ஒரு பொருள் வீட்டில் இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தவர் போல.

"அந்த வண்டி இன்னும் நல்லா ஓடுதா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! ராஜா கணக்கா ஓடுது. இந்த ஒண்ணச் சரி பண்ணிட்டா இன்னும் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம். ஷாஃப்ட்டக் கழட்டி முழுசா பண்ணிடலாம்னு இருக்கேன். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"ம். நீ அலையாத. வண்டிய பட்டறைல விட்டுட்டு மெக்கானிக் நம்பர எனக்கு அனுப்பு. நான் பேசிக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

"நான் பாத்துக்கிறேன்டா. விடு."

திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்டெப்னிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் மனைவி, துணி திருத்தும் கடையிலிருந்து கொண்டுவந்த கால்சட்டை ஒன்றின் கரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? நான் கேக்கவே இல்ல. அண்ணனே நான் பாத்துக்கிறேன்னுட்டாரு. ரத்தம்னா ரத்தம்தான்."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "தானா ஏத்துக்கிட்டாரா?"

"ஆமாங்கறேன்."

"வண்டி இன்னும் அவர் பேர்லதானே இருக்கு?"

"பேர மாத்த எத்தனை ஆபீஸ் ஏறணும்னு உனக்குத் தெரியுமா? மாத்தினாத்தான் ஆச்சா? அவர்தான் அன்னிக்கே சொல்லிட்டாருல்ல?"

"என்ன சொன்னாரு? சரியாச் சொல்லுங்க."

"உன் வண்டி மாதிரி வெச்சுக்கோன்னாரு."

பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "மாதிரி" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஊசியில் நூல் கோக்க வெளிச்சத்துக்குத் திரும்பிக்கொண்டாள்.

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தல்," என்றான் ஸ்டெப்னி. ஆனால் அந்தச் சொல், பல்லிடுக்கில் மாட்டிய நார் போல, சாப்பிடும்போதும் படுக்கும்போதும் நாக்கில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் வண்டியை விட்டான். வேலை முடிய மாலையாகும் என்று நினைத்து, டீச்சருக்கு வேறு வண்டி சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் சீட்டாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்கெல்லாம் மெக்கானிக்கிடமிருந்து போன்: "வண்டி ரெடி, எடுத்துக்கோ." குரலில் கேலி இல்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

வண்டி நான்கு காலிலும் நின்றிருந்தது. மெக்கானிக் வேறொரு வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார், வெளியே எடுக்கவில்லை. ஸ்டெப்னி ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து வைத்துவிட்டு, இறங்கிக் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான்.

புது ரப்பர். கறுகறுவென்று இருந்தது. அதன் மேல் நீளவாக்கில், மேலிருந்து கீழாக, ஒரு தழும்பு. தழும்பின் ஓரத்தில் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது.

வைத்திருக்கிற வண்டிக்கு ஒரு வைத்தியம், தள்ளிவிடப் போகிற வண்டிக்கு வேறு வைத்தியம். யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அந்தத் தழும்பு சொல்லிவிட்டது. ஸ்டெப்னி குனிந்த வாக்கிலேயே கொஞ்ச நேரம் இருந்தான். எழுந்தால் யார் முகத்தையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

"உங்கண்ணன் போன் பண்ணாரு," என்றது பானெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "எப்பவும் கேக்கறதத்தான் கேட்டேன். தள்ளத்தான்னாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்யா."

"தெரியாது."

"அவர் பேர்ல இருக்கற வண்டி. நான் என்ன பண்ணட்டும்?"

"உன்ன ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லித் தொலையேன்," என்றார் மெக்கானிக். இப்போதும் தலையை வெளியே எடுக்கவில்லை.

வண்டியை நேராக அண்ணன் வீட்டுக்கு விட்டான். வழியில் கைக்குப் பழகிய எதுவும் மாறவில்லை. கியர் அதே இடத்தில் விழுந்தது, பின் கதவு அதே இடத்தில் கிரீச்சிட்டது. அண்ணன் வாசலுக்கே வந்தார், முகம் மலர்ந்து.

"வந்துட்டியா! நானே கூப்பிடலாம்னு இருந்தேன். நாளைக்குக் காலைல பார்ட்டி வருதுடா. கொஞ்சம் தண்ணி அடிச்சு, உள்ள எல்லாம் தொடச்சு வை."

"விக்கப் போறீங்களாண்ணே?"

"பின்ன? இன்னும் எத்தனை நாளைக்கு? நீதானே வந்து, வண்டி செலவு வைக்குதுன்னு சொன்ன?"

"செலவு வைக்குதுன்னு சொல்லலண்ணே. சரி பண்ணப் போறேன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

ஸ்டெப்னி சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அண்ணனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தன் பொருளைத் தான் விற்க யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. அவன் தோளில் கை போட்டார்.

"பிழைப்புக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கறியா? உன்ன அப்படி விட்டுடுவேனா? எனக்கும் இப்பல்லாம் ஓட்ட முடியல. முதுகு வலிக்குது. பெரிய வண்டிக்கு ஒரு ஆள் வேணும். நீயே வந்துடு. மாசா மாசம் சம்பளமாவே போட்டுடறேன். வெளியாள வெச்சா நம்பிக்கை இருக்குமா, சொல்லு?"

அந்தப் பெரிய வண்டியின் கண்ணாடி, அண்ணன் உயரத்துக்குத் திருப்பி வைத்திருப்பது, நின்ற இடத்திலிருந்தே அவனுக்குத் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

"இதுல யோசிக்க என்னடா இருக்கு!"

சாவியைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனான். மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்தான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நாளைக்குக் கழுவப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"கழுவாம எப்படி? அண்ணன் சொல்லியிருக்காரே."

"போங்க," என்றாள். அந்த ஒரு சொல்லில் அவன் கடைசிவரை இறங்க முடியாத ஆழம் இருந்தது.

காலையில் கழுவினான். வழக்கத்தைவிட நன்றாகவே கழுவினான், கை வேறு மாதிரி கழுவ மறுத்தது. டிக்கியைக் காலி செய்தான். ஒரு குடை, தண்ணீர் கேன், துடைக்கிற துணி, கை உடைந்த ஸ்குரு டிரைவர், டீச்சருடைய மெத்தை. இத்தனை வருஷத்துக் குடித்தனமும் ஒரே பையில் அடங்கிவிட்டது.

வாங்க வந்தவர் செல்போன் கடை வைத்திருப்பவர். இளைஞர். கலகலப்பான ஆள். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக, பேசிக்கொண்டே, கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். பக்கத்து சீட்டில் இருந்த ஸ்டெப்னி தெருவைப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு தெரு சுற்றினார்கள். கடைக்காரர் இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் ஒடித்தார். டக் என்று ஒரு சத்தமில்லை. ஒட்டு நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. விற்ற வண்டியாக இன்னும் தெருமுனை தாண்டவில்லையே.

"சூப்பர் சார்," என்றபடி இறங்கினார் கடைக்காரர். "பழைய வண்டின்னே தெரியல. எங்கயும் வாடகைக்கு ஓடலல்ல?"

"சேச்சே," என்றார் அண்ணன். "வீட்டு உபயோகம் மட்டும்தாங்க. ஒரே கை."

கடைக்காரர் ஸ்டெப்னி பக்கம் தலையசைத்தார். "இவர்தான் ஓட்டினாரா? டிரைவரா?"

அண்ணன் ஒரு கணம் தயங்கியதை ஸ்டெப்னி பார்த்தான். தம்பி என்று சொன்னால், தம்பி என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி வரும். கார் ஓட்டுகிறான் என்றால், எந்தக் காரை என்று அதற்கடுத்தது வரும். வாடகை வெளியே வந்துவிடும். படித்தவர் அல்லவா, நொடியில் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"டிரைவர்னு சொல்லக் கூடாதுங்க," என்றார் அண்ணன், பெருந்தன்மையாகச் சிரித்து. "நம்ம தம்பி மாதிரி."

வாசற்படியில் டீ எடுத்துக்கொண்டு வந்த அண்ணி அப்படியே நின்றார். அண்ணியின் பார்வை டீயிலேயே இருந்தது.

ஸ்டெப்னிக்குக் கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ ஒரு கணக்கு, பல வருஷமாகக் கூடி வராத கணக்கு, ஒரே வார்த்தையில் சரியாகிவிட்டது போல உள்ளே எல்லாம் அடங்கிப் போயிற்று.

"அப்ப உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்," என்றார் கடைக்காரர் அவனிடம். "உண்மையச் சொல்லுங்கண்ணே, வண்டில ஏதாவது வேலை இருக்கா?"

ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் அவன் வந்திருந்தான்.

"திரும்ப ஏறி, ஸ்டியரிங்க இந்தப் பக்கம் முழுசா ஒடிச்சு வைங்க," என்றான். "இப்ப இறங்கி, சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. இடது பக்கம்."

கடைக்காரர் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தை அடித்தார். "கறுப்பா ரப்பர் தெரியுது. புதுசாத்தானே இருக்கு? ஆக்ஸில் பூட்தானே இது?"

"பூட் இல்லீங்க," என்றான் ஸ்டெப்னி. அண்ணனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பூட் மாதிரி."

"டேய்!" என்றார் அண்ணன்.

டிரைவரை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூடப் பிறந்தவனைத்தான் அப்படிக் கூப்பிட முடியும். கடைக்காரருக்குக்கூட அது உறைத்திருக்க வேண்டும். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

ஸ்டெப்னி மீதியையும் சொன்னான். வெட்டி ஒட்டியது, ஒட்டு விட்டுப்போகும், மண் ஏறும். ஆனால் மூட்டு இன்னும் கெடவில்லை. இதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தண்டைக் கழற்றி முழுதாகச் செய்துகொண்டால் நல்ல வண்டி. "ரொம்ப நல்ல வண்டிங்க," என்று முடித்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணி நீட்டிய டீயைத் தொடாமல், கேட்டைத் திறந்து, வெளியே வந்து, பழக்கத்தில் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

கடைக்காரர் அடித்துப் பேசிக் குறைத்து, வண்டியை எடுத்துக்கொண்டுதான் போனார். அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தார்.

"என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவர் இல்லையா தம்பி? வெளியாள் முன்னாடி இப்படியா அவமானப்படுத்தறது?"

"அவர்கிட்டயும் இதக் கேட்டீங்களா அண்ணி?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடத் தொடங்கியது. பிறகு அண்ணி போனை வைத்துவிட்டார். அதற்குப் பின் அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. பெரிய வண்டிக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார்கள் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை கொடுத்திருக்கிறார்களாம்.

டீச்சர் வேறொரு வண்டிக்குப் பழகிக்கொண்டார். மெத்தையை அவன் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "உங்க வண்டி என்னாச்சுப்பா?" என்று கேட்டார். "அண்ணன் வண்டிங்க அது," என்றான். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அதைச் சரியாகச் சொன்னான்.

பள்ளி வேன், ஆம்புலன்ஸ், யாருக்கோ காய்ச்சல், யாரோ லீவு. ஸ்டெப்னிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் பல் டாக்டரின் காரைச் சர்வீஸுக்கு விடும் வேலை வந்தது. அதே பட்டறை. மெக்கானிக் இந்தத் தடவை தலையை வெளியே எடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்தச் செல்போன் கடைக்காரர் வந்திருந்தாருய்யா."

"ம்."

"கேட்டேன். வெச்சிருக்கத்தான்னாரு. ஒட்டப் பிச்சுப் போட்டுட்டு முழுசா பண்ணிட்டேன். ஷாஃப்ட்டு தங்கமாட்டம் இருக்கு."

"இருக்கும். எனக்குத் தெரியும்."

மெக்கானிக் வேறு பேச்சுக்குத் தாவ விரும்பி, டாக்டர் வண்டியின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "இதுலயும் முன்னாடி ஒரு வேலை இருக்கே. என்ன பண்ணலாம்? வெச்சிருக்கவா, தள்ள..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்னைய ஏன்யா கேக்கற?" என்றான் ஸ்டெப்னி, டிரைவர் சீட்டில் இருந்தபடியே. "ஓனருக்குப் போனப் போடு."

இறங்குவதற்கு முன், கண்ணாடியைப் பல் டாக்டரின் உயரத்துக்குத் திருப்பி வைத்தான்.